குர்ஆனில் வரும் பெயர்களும் மேற்கத்திய ஆய்வும்: வந்த வழியும் நிற்கும் இடமும்

வாசகர் கேள்வி, 2023 ஜூன் 3

குர்ஆனில் வரும் நபிமார்களின் பெயர்களை மேற்கத்தியப் பேராசிரியர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இன்ன பெயர் எபிரேயத்திலிருந்து வந்தது, இன்ன பெயர் சிரியாக்கிலிருந்து (கிறித்தவர்கள் வழங்கிய அரமேய வகை) வந்தது என்று பட்டியல் போடுவதன் நோக்கம், வேதம் இரவல் வாங்கப்பட்டது என்று காட்டுவதைத் தவிர வேறென்ன? நம் உலமாக்கள் யாரும் இப்படியோர் ஆராய்ச்சியில் இறங்கியதில்லை. தெளிவான அரபியில் இறங்கிய வேதத்தில் அந்நியப் பெயர் எங்கிருந்து வரும்?

ஜூன் 3, மாலை

கடைசி இரண்டு வாக்கியங்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அவை வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. பக்தாதில் வாழ்ந்த அல்-ஜவாலீகீ (இறப்பு 1144) அரபியில் கலந்த அந்நியச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். நபிமார்களின் பெயர்களில் ஆதம், ஸாலிஹ், ஷுஐப், முஹம்மத் என்ற நான்கைத் தவிர மற்றவை எல்லாம் அஜமீ, அதாவது அரபியல்லாத பெயர்கள் என்று அவர் அதில் எழுதுகிறார். கெய்ரோவின் சுயூத்தீ (இறப்பு 1505) குர்ஆனில் உள்ள அந்நியச் சொற்களை மொழிவாரியாகப் பிரித்துத் தனி நூலே இயற்றினார். குர்ஆனில் அரபியல்லாத சொல்லே இல்லை என்று இமாம் ஷாஃபிஈ வாதிட்டது உண்மைதான். ஆனால் பொதுச் சொற்களைப் பற்றிய அந்தச் சர்ச்சையைக் குறிப்பிடும் குர்துபீ (இறப்பு 1273), இஸ்ராயீல், ஜிப்ரீல், இம்ரான், நூஹ், லூத் போன்ற இயற்பெயர்கள் அரபியல்லாதவை என்பதில் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை என்று தம் தஃப்ஸீரின் (குர்ஆன் விரிவுரையின்) முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்.

மதரஸாவில் நஹ்வு (அரபு இலக்கணம்) படித்தவர்களுக்கு இது செய்தியே அல்ல. ‘இப்ராஹீம்’ என்ற சொல் ஏன் தன்வீன் (சொல்லின் இறுதியில் சேரும் ‘ன்’ ஒலி) ஏற்பதில்லை என்று எங்கள் ஆசிரியர் ஹஜ்ரத் கேட்பார். அது இயற்பெயர், அது அஜமீ என்ற இரண்டு காரணங்களையும் சேர்த்துச் சொல்லாதவர் அன்று உட்கார முடியாது. நூஹ், லூத் ஆகியவை அஜமீயாக இருந்தும் ஏன் தன்வீன் ஏற்கின்றன என்பது அடுத்த கேள்வி; மூன்றெழுத்துச் சொல், நடுவெழுத்து ஸுகூன் (உயிர்க்குறி இன்மை) பெற்றது என்பது அதற்கு விடை. ஆகவே ‘அந்நியப் பெயர்’ என்ற எண்ணம் பாரிஸிலோ பெர்லினிலோ பிறந்ததன்று. அரபு இலக்கணத்தின் வேற்றுமை விதிக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 4

உள்நோக்கத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அதை முழுமையாக மறுக்க எனக்கு மனமில்லை, முழுமையாக ஏற்கவும் முடியவில்லை.

இத்துறையின் தொடக்கப் புள்ளியாகப் பெரும்பாலோர் காட்டுவது ஆபிரகாம் கைகர் என்ற யூத அறிஞர் பான் பல்கலைக்கழகப் பரிசுப் போட்டிக்காக எழுதி 1833 இல் வெளியிட்ட நூலை. முஹம்மத் யூத மதத்திலிருந்து எதை எடுத்துக்கொண்டார் என்பதுதான் அதன் தலைப்பே, ஆகவே கேள்வியிலேயே விடையின் பாதி இருந்தது. அதே நூல் ஆங்கிலத்தில் 1898 இல் அச்சானது எங்கே தெரியுமா? சென்னை வேப்பேரியிலிருந்த கிறித்தவ அச்சகத்தில். மொழிபெயர்த்தவர் டெல்லி மிஷனுக்கு உதவும் மகளிர் சங்கத்தைச் சேர்ந்தவர். யூத ரப்பி ஒருவரின் ஜெர்மன் ஆராய்ச்சி, இந்திய முஸ்லிம்களிடம் கிறித்தவப் போதனை செய்யப் பயன்படும் என்ற எதிர்பார்ப்போடு வேப்பேரியில் விற்பனைக்கு வந்தது. கேள்வி கேட்டவரின் ஐயத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்றை நான் தேடினாலும் கிடைக்காது.

ஆனால் அடுத்த தலைமுறை அப்படியன்று. யோசெப் ஹொரோவிட்ஸ் 1907 முதல், முதல் உலகப் போர்க் காலம் வரை அலிகரிலிருந்த முஸ்லிம் கல்லூரியில் அரபி கற்பித்தவர். குர்ஆனில் வரும் யூத இயற்பெயர்களைப் பற்றி 1925 இல் அவர் எழுதிய நெடுங்கட்டுரையில் வசை இல்லை, முடிவு சொல்லும் அவசரமும் குறைவு. ஆர்தர் ஜெஃப்ரி குர்ஆனின் அந்நியச் சொற்களைத் தொகுத்த அகராதி 1938 இல் பரோடாவில், கெய்க்வாட் மன்னரின் பெயரிலிருந்த கீழைநூல் வரிசையில் வந்தது. அவருடைய முன்னுரையில் இரவல் என்ற கருத்து அவ்வப்போது தலைகாட்டும். உள்ளே ஒவ்வொரு பெயரின் கீழும் அவர் முதலில் எடுத்துவைப்பது ஜவாலீகீயும் சுயூத்தீயும் சொன்னவற்றைத்தான்.

அல்போன்ஸ் மிங்கானா 1927 இல் வேறொரு வழியில் சென்றார். ஃபிர்அவ்ன் (பார்வோன்) என்ற பெயரின் இறுதியில் நூன் எழுத்து இருக்கிறது. எபிரேயத்தில் அது இல்லை, சிரியாக்கில் இருக்கிறது. ஸுலைமான் என்பதும் எபிரேய ‘ஷ்லோமோ’வைவிடச் சிரியாக் வடிவத்துக்கே நெருக்கமானது. யூனுஸ், இல்யாஸ் ஆகியவற்றின் இறுதி ‘ஸ்’ கிரேக்கப் பெயர்களின் விகுதி. இவற்றிலிருந்து, பெயர்கள் அரபியரிடம் வந்த பாதை பெரும்பாலும் சிரியாக் பேசிய கிறித்தவர்களின் பாதை என்றார். ஒலியைப் பற்றிய இந்தக் கவனிப்பு வலுவானது. இதிலிருந்து குர்ஆனின் நடையே சிரியாக்கின் நிழல் என்று அவர் தாண்டிச் சென்றதுதான் வலுவற்றது. இப்பெயர்கள் குர்ஆனுக்கு முன்பே அரபியரின் அன்றாட வழக்கில் கலந்திருக்கலாம் என்ற எளிய வாய்ப்பை அந்தத் தாவல் மறந்துவிடுகிறது.

ஜூன் 4, இரவு

‘எடுத்துக்காட்டு ஒன்று போதும், பட்டியல் வேண்டாம்’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இப்ராஹீமையே எடுத்துக்கொள்ளலாம்.

எபிரேயம், சிரியாக் இரண்டிலும் இப்பெயரின் கடைசி உயிர் நெடில் ஆகாரம். அரபியில் மட்டும் ஈகாரம். இஸ்மாயீல், இஸ்ராயீல் என்ற பெயர்களின் ஓசைக்கு இணங்க இது மாறியது என்பது ஜெஃப்ரி போன்றோரின் விளக்கம். இதை மேற்கத்தியக் கற்பனை என்று ஒதுக்குவதற்கு முன், உங்கள் முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) பகரா சூராவைத் திறந்து பாருங்கள். அந்தச் சூராவில் இப்பெயர் வரும் 15 இடங்களிலும் ‘யா’ எழுத்து வரியில் இல்லை. பிற சூராக்களில் இருக்கிறது. டமாஸ்கஸின் காரி (ஓதல் அறிஞர்) இப்னு ஆமிரின் கிராஅத்தில் (ஓதல் முறையில்), ஹிஷாம் அறிவிப்பின்படி, குர்ஆனில் 33 இடங்களில் இப்பெயர் ‘இப்ராஹாம்’ என்றே ஓதப்படுகிறது. ஓதல் மரபு இரண்டு ஒலிகளையும் காத்து வைத்திருக்கிறது. மொழியியல் அவை எங்கிருந்து வந்திருக்கலாம் என்று சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் எனக்குப் பகை எதுவும் தெரியவில்லை.

ஜூன் 7

ஈஸா என்ற பெயரைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இத்துறையின் நன்மையும் தீமையும் ஒருசேரத் தெரியும் இடம் இது.

சிக்கல் இதுதான்: எபிரேய, அரமேய ‘யேஷூஅ’ என்ற பெயரில் ‘ஐன்’ என்ற தொண்டையொலி எழுத்து கடைசியில் இருக்கிறது. அரபுக் கிறித்தவர்கள் வழங்கும் ‘யஸூஉ’ என்ற வடிவத்திலும் அது கடைசியில்தான் இருக்கிறது. குர்ஆனின் ‘ஈஸா’வில் மட்டும் ஐன் முதலெழுத்தாக நிற்கிறது. பழைய ஆய்வாளர் சிலர் இதற்குச் சொன்ன விளக்கம், மதீனா யூதர்கள் பகைமையால் இயேசுவை ‘ஏசா’ என்று, அதாவது யாக்கோபின் அண்ணன் பெயரால் ஏளனமாகக் குறிப்பிட்டார்கள், நபியவர்கள் அதை அறியாமல் எடுத்துக்கொண்டார்கள் என்பது. யூத இலக்கியத்தில் இயேசுவுக்கு இப்படியொரு ஏளனப் பெயர் வழங்கியதற்குத் தடயம் வேண்டாமா? 25 இடங்களில் வரும் இப்பெயர் மக்காவில் அருளப்பட்டதாகக் கருதப்படும் சூராக்களிலும் இருக்கிறதே, மதீனா எங்கிருந்து வந்தது? சான்றில்லாத இடத்தில் ஒருவரின் அறியாமையை வைத்துக் கதை கட்டுவது எளிது. இந்த விளக்கத்தின் ஆயுள் நீண்டதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது விளக்கம், மூஸாவோடு எதுகை சேர்வதற்காக ஈஸா என்று ஆனது என்பது. இணைப் பெயர்களில் குர்ஆனுக்கு ஓசை ஒழுங்கு உண்டு: தாலூத்–ஜாலூத், ஹாரூத்–மாரூத், யஃஜூஜ்–மஃஜூஜ். தாலூத் என்பது பைபிளின் சவுல். மற்ற எல்லாரையும்விடத் தோளும் தலையும் உயர்ந்தவர் என்று சாமுவேல் நூல் வருணிக்கும் அரசர். குர்ஆனும் (2:247) உடலின் பெருக்கத்தைக் குறிப்பிடுகிறது. நீளத்தைக் குறிக்கும் ‘தூல்’ என்ற அரபு வேரின் ஓசை அந்தப் பெயருக்குள் கேட்கிறது. ஆனாலும் எதுகை என்பது ஒரு வடிவம் ஏன் விரும்பப்பட்டது என்பதைத்தான் விளக்கும். ஐன் எப்படி முன்னால் வந்தது என்பதை அது விளக்காது.

மூன்றாவது, கிழக்குச் சிரியாக் திருச்சபையினர் ‘ஈஷோ’ என்று உச்சரித்தது அரபியில் ஈஸா ஆனது என்பது. முதல் உயிருக்கு இது பொருந்துகிறது, ஐன் மட்டும் மீண்டும் இடிக்கிறது.

இந்த இடத்தில்தான் 2021 இல் அஹ்மத் அல்-ஜல்லாதும் அலீ அல்-மனாஸிரும் வெளியிட்ட கட்டுரை முக்கியமாகிறது. ஜோர்தானின் வடகிழக்கில், கரும்பாறைகள் சிதறிக் கிடக்கும் பாலைவனத்தில், வாதி அல்-குதரீ என்ற இடத்தில் பாலைவன நாடோடிகளின் பழைய எழுத்தான ஸஃபாயித்திக்கில் பொறித்த ஒரு வேண்டுதல் கிடைத்தது. நாடோடி ஒருவர், ஐன்-ஸீன்-யா என்ற மூன்றெழுத்துப் பெயரால் ஒரு தெய்வத்தை விளித்து, அத்தெய்வத்தை மறுப்பவர்களுக்கு எதிராகத் தனக்கு உதவுமாறு கேட்கிறார். இது இயேசுவையே குறிக்கிறது, ஏறத்தாழ நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அவ்விருவரின் வாசிப்பு. இதை ஏற்றால், குர்ஆன் அருளப்படுவதற்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபு நாடோடிகள் ஐன்னை முன்னால் வைத்து அப்பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றாகும். மதீனாவில் ஏளனம் என்ற கதை அதன் கீழ் நசுங்கிவிடுகிறது. ஒரு கல்வெட்டை மட்டும் வைத்து வழக்கை மூடுவது சரியன்று என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனாலும் நூலகத்தில் அமர்ந்து செய்த ஊகத்துக்கும் பாறையில் கிடைத்த எழுத்துக்கும் ஒரே எடை கொடுக்க முடியாது.

ஜூன் 8

நேற்றைய குறிப்போடு சேர்த்துப் படிக்க ஒன்று. அந்தக் கல்வெட்டில் பெயரின் கடைசியில் ‘யா’ நிற்பதைக் கண்டு, ‘அப்படியானால் அது ஈஸா அல்ல’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முஸ்ஹஃபிலும் ஈஸாவின் கடைசியில் ‘யா’தான் எழுதப்படுகிறது. இவ்வாறு யாவில் முடியும் சொற்கள் நபிகளின் கால ஹிஜாஸ் (மக்கா, மதீனா அடங்கிய மேற்கு அரேபியா) வழக்கில் ஆகாரமாக அன்றி ஏகாரமாக ஒலித்தன என்று மொழியியலாளர் மரைன் வான் புட்டன் எழுத்துமுறையை வைத்தும் சூராக்களின் இயைபை வைத்தும் வாதிடுகிறார். கூஃபாவின் ஹம்ஸா, கிஸாயீ ஆகியோரின் கிராஅத்தில் இமாலா என்ற பெயரில் இன்றும் மூஸே, ஈஸே என்ற ஒலி இருக்கிறது. கிஸாயீயின் ஓதலைப் பதிவில் முதன்முறை கேட்டபோது ஓதுபவர் மலையாளியோ என்று விளையாட்டாக நினைத்தேன்; பிறகுதான் நம் காதுக்குப் பழகிய ஹஃப்ஸ் அறிவிப்பு பலவற்றில் ஒன்று என்பது உறைத்தது.

ஜூன் 11

யஹ்யா (பைபிளின் யோவான் ஸ்நானகன்): புள்ளிகளை வைத்து எழுந்த வாதம்.

பழைய கையெழுத்துப் படிகளில் எழுத்துகளுக்குப் புள்ளி அரிது. புள்ளியில்லாத நிலையில் சொல்லின் நடுவில் வரும் நூனும் யாவும் ஒரே பல் வடிவம். ஆகவே ‘யூஹன்னா’ என்று படிக்க வேண்டியதைப் பின்வந்தவர்கள் ‘யஹ்யா’ என்று படித்துவிட்டார்கள் என்று பிரெஞ்சு ஆய்வாளர் கஸனோவா உள்ளிட்ட சிலர் கூறினார்கள். கேட்பதற்குக் கூர்மையான யோசனை. எனக்கும் முதல் வாசிப்பில் பிடித்திருந்தது.

இதை ஜூன் 4 இரவுக் குறிப்போடு வைத்துப் பாருங்கள். இப்ராஹீமில் காரிகள் வேறுபடுகிறார்கள். ஜிப்ரீல், ஜப்ரயீல் என்றும், மீகால், மீகாயீல் என்றும் வேறுபடுகிறார்கள். ஓதுபவர்கள் எழுத்தை மட்டும் பார்த்து ஊகித்திருந்தால், இரண்டு விதமாகப் படிக்க இடம் தரும் யஹ்யாவில்தான் முதலில் வேறுபட்டிருக்க வேண்டும். அங்கே ஒருவரும் வேறுபடவில்லை. தெற்கு இராக்கின் மந்தேயர்களும் (யோவானைப் போற்றும் சிறு சமயத்தினர்) தங்கள் நூல்களில் யோவானை ‘யஹ்யா யுஹானா’ என்று இரண்டு பெயரும் சேர்த்துச் சொல்கிறார்கள்; அந்நூல்கள் இஸ்லாத்துக்குப் பின் தொகுக்கப்பட்டவை என்பதால் அவற்றின் மீது அதிகம் சாய மாட்டேன்.

இந்தப் புள்ளி ஆராய்ச்சியில் ஆழ்ந்தவர்கள் வசனம் சொல்வதைக் கவனிக்கத் தவறுவதுதான் வியப்பு. ‘இதற்கு முன் இப்பெயரை நாம் எவருக்கும் ஆக்கவில்லை’ என்கிறது 19:7. உன் உறவினரில் இந்தப் பெயருள்ளவன் ஒருவனும் இல்லையே என்று லூக்கா நற்செய்தியில் அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள் (1:61). இரு நூல்களிலும் பெயரின் புதுமையே பேச்சுப் பொருளாக இருக்கிறது. அதன் வடிவம் மட்டும் வேறு.

ஜூன் 15

ஹாமான். எதிர்பார்த்தபடியே இந்தப் பெயர் வந்துவிட்டது.

பைபிளின் எஸ்தர் நூலில் ஆமான் பாரசீக அரசனின் அமைச்சன். குர்ஆனில் ஆறு இடங்களில் வரும் ஹாமான் ஃபிர்அவ்னின் ஆள். மூஸாவின் இறைவனை எட்டிப் பார்ப்பதற்கு ஒரு கோபுரம் கட்டுமாறு ஃபிர்அவ்ன் அவனிடம் சொல்கிறான் (28:38, 40:36). 1698 இல் குர்ஆனை லத்தீனில் வெளியிட்ட மராச்சி முதல் ஏராளமானோர் இதைக் காலக்குழப்பம் என்று எழுதி, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். குழப்பம் என்று சொல்லிவிட்டால் ஆராய வேண்டிய தேவை தீர்ந்துவிடுகிறது.

ஆடம் சில்வர்ஸ்டீனின் ஆய்வு கேள்வியையே மாற்றியது. பழைய மத்தியக் கிழக்கில் அஹீகார் என்ற ஞானியின் கதை அரமேயம் முதல் அரபி வரை பல மொழிகளில் பரவியிருந்தது. அதில் எகிப்தின் ஃபிர்அவ்ன் வானத்துக்கும் பூமிக்கும் இடையே ஒரு கோட்டை கட்டித் தருமாறு சவால் விடுகிறான். தோபித்து நூலின் சில படிகளில் அஹீகாரின் கதையோடு ஆமான் என்ற பெயர் கலந்திருக்கிறது. அதாவது ஃபிர்அவ்ன், கோபுரம், ஹாமான் என்ற மூன்றும் மக்கள் வாயில் ஏற்கெனவே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. இன்னொன்றையும் நான் சேர்ப்பேன்: செல்வத்தால் அழிந்த இருவர் என்று காரூனையும் (கோராகு) ஆமானையும் யூத மித்ராஷ் (வேத விளக்க நூல்) ஒன்று ஒரே மூச்சில் சொல்கிறது. குர்ஆனிலும் 29:39, 40:24 இரண்டிலும் காரூனும் ஹாமானும் ஃபிர்அவ்னோடு வரிசையாக நிற்கிறார்கள்.

இதை ‘அப்படியானால் கதையிலிருந்து எடுத்தது’ என்று ஒருவர் முடிக்கலாம். கேட்பவர்கள் அறிந்த அகந்தையின் பெயர்களை ஓரிடத்தில் நிறுத்தி எச்சரிக்கும் உரை என்று இன்னொருவர் கொள்ளலாம். பைபிளின் ஹாமானும் குர்ஆனின் ஹாமானும் இரு வேறு மனிதர்கள் என்று மரபுவழி முஸ்லிம் வாசகர் சொல்வதற்கும் மேற்கண்டதில் தடை எதுவும் இல்லை. பெயர் வந்த வழி வேறு, பெயர் வசனத்தில் நிற்கும் இடம் வேறு. முதலாவதைக் கண்டுபிடித்ததாலேயே இரண்டாவதைத் தீர்த்துவிட்டதாக நினைப்பதுதான் இத்துறையின் நீண்டநாள் நோய்.

ஜூன் 15, பின்னிரவு

எகிப்தியச் சித்திர எழுத்தில் ‘ஹாமான்’ கிடைத்துவிட்டது, கல் வெட்டுவோரின் தலைவன் என்றே எழுதியிருக்கிறது என்று மூவர் தனித்தனியாக இணைப்பு அனுப்பியிருக்கிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் மோரீஸ் புக்காயி பரப்பிய வாதம் அது. பண்டை எகிப்திய எழுத்தில் உயிரொலிகள் எழுதப்படுவதில்லை, ஹகர ஒலிகளுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. பெயரகராதியில் ஒரு பதிவைப் பார்த்து அதை ‘ஹாமான்’ என்று படிப்பதை எகிப்தியவியலாளர்கள் ஏற்கவில்லை. மேற்கத்தியர் ஒருவர் குறைகூறினால் உள்நோக்கம், மேற்கத்தியர் ஒருவர் புகழ்ந்தால் விஞ்ஞானம் என்று இரண்டு தராசு வைத்துக்கொள்ள முடியாது.

ஜூன் 19

‘ஹாரூனின் சகோதரியே’ (19:28) என்று ஈஸாவின் தாய் மர்யம் அழைக்கப்படுவதைப் பற்றிச் சுருக்கமாக.

ஈஸாவின் தாயை மூஸா, ஹாரூன் ஆகியோரின் சகோதரி மிரியாமோடு குர்ஆன் குழப்பிவிட்டது என்ற குற்றச்சாட்டுக்கு மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களைவிட வயது அதிகம். எட்டாம் நூற்றாண்டின் டமாஸ்கஸ் யோவான் இதை ஏற்கெனவே எழுதியிருக்கிறார். அதற்கும் முன்பே நஜ்ரான் கிறித்தவர்கள் நபித்தோழர் முஃகீரா இப்னு ஷுஅபாவிடம் இதைக் கேட்டதும், தங்களுக்கு முன் வாழ்ந்த நபிமார், நல்லோரின் பெயர்களை அம்மக்கள் சூட்டிக்கொள்வது வழக்கம் என்று நபியவர்கள் விடையளித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளன. 1734 இல் குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜார்ஜ் சேல், நபியவர்களைப் பற்றி உயர்வாக எண்ணாதவராக இருந்தும், இவ்வளவு பெரிய பிழையை அச்சொற்களிலிருந்து நிறுவ முடியாது என்று அடிக்குறிப்பில் எழுதினார். இன்று சுலைமான் முராத், ஆங்கலிகா நொய்விர்த் போன்றோர் இதை வமிசத்தையும் ஆலயத்தையும் சுட்டும் அழைப்பாகப் படிக்கிறார்கள். மர்யமின் உறவினரான எலிசபெத்தை லூக்கா ‘ஆரோனின் குமாரத்திகளில் ஒருத்தி’ என்கிறார் (1:5, 1:36) என்பதை நினைத்தால் இந்த வாசிப்பு வலிந்து சொன்னதாகத் தோன்றவில்லை.

ஜூன் 26

இத்ரீஸ் யார் என்று கேட்டவருக்கு: ஆந்திரேயா என்றார் ஜெர்மன் ஆய்வாளர் நோல்டெக்கே, எஸ்றாவின் கிரேக்க வடிவமான எஸ்ட்ராஸ் என்றார்கள் கஸனோவாவும் டோரியும், ஹெர்மெஸ் மரபின் பொய்மாந்த்ரேஸ் என்றார் ஆல்பிரைட். தேர்தலில் நின்ற அத்தனை பேரும் வைப்புத்தொகையை இழந்த தொகுதி இது. முஸ்லிம் மரபு அவரை ஏனோக்கு (அக்னூக்) என்கிறது. ‘உயர்ந்த இடத்துக்கு அவரை உயர்த்தினோம்’ என்ற 19:57 ஐ, தேவன் ஏனோக்கை எடுத்துக்கொண்டார் என்ற ஆதியாகமத்தோடு வைத்துப் பார்க்கும்போது, பொருளளவில் அதுவே பொருந்துகிறது. ஒலி அளவில் பொருந்தவில்லை.

மிகுதியாகக் கல்வி பயின்றதால் ‘தர்ஸ்’ என்ற வேரிலிருந்து அப்பெயர் வந்தது என்று பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஸமக்ஷரீ (இறப்பு 1144) அதை ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்: அரபு வேரிலிருந்து வந்திருந்தால் அது தன்வீன் ஏற்றிருக்கும், ஏற்கவில்லை, ஆகவே அது அஜமீ.

ஜூலை 2

மனிதர்களின் பெயர்களையே பேசிக்கொண்டிருக்கிறோம், இறைவனின் பெயர்களை விட்டுவிட்டோம் என்ற குறை நியாயமானது. அர்-ரஹ்மான் என்ற ஒன்றை மட்டும் எடுக்கிறேன்.

‘ரஹ்மானுக்கு ஸஜ்தா செய்யுங்கள்’ என்று சொல்லப்பட்டபோது ‘ரஹ்மான் என்பது என்ன?’ என்று மக்காவினர் கேட்டதாக 25:60 சொல்கிறது. நபியவர்களுக்கும் மக்காவினருக்கும் இடையே ஹுதைபியா உடன்படிக்கை எழுதப்படும்போதும் மக்காவினரின் தூதர் சுஹைல் இப்னு அம்ர் இதே பெயரை மறுத்தார். யமாமாவின் ரஹ்மானை (தன்னை நபி என்று சொல்லிக்கொண்ட முஸைலிமாவை) தவிர வேறொருவரையும் அறியோம் என்று அவர்கள் கூறியதாகத் தஃப்ஸீர்கள் விளக்குகின்றன. யமன் கல்வெட்டுகள் படிக்கப்பட்ட பின் இந்த விளக்கத்தின் பின்புலம் விரிந்தது. யமனை ஆண்ட ஹிம்யர் அரசர்கள் பல தெய்வ வணக்கத்தைக் கைவிட்ட நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ‘ரஹ்மானன்’ என்ற பெயர் அங்கே வருகிறது. மஃரிப் அணையைப் பழுதுபார்த்ததைப் பதிவுசெய்யும் 548 ஆம் ஆண்டுக் கல்வெட்டில் யமனின் கிறித்தவ அரசர் அப்ரஹா, ரஹ்மானனையும் அவருடைய மெசியாவையும் சொல்லித் தொடங்குகிறார். யூதச் சார்பு கொண்ட அரசர்களும் கிறித்தவ அரசர்களும் ஒருவர்பின் ஒருவராக வழங்கிய தெற்கத்திப் பெயர் குறைஷிகளின் காதில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை இது காட்டுகிறது. ‘அல்லாஹ் என்று அழையுங்கள், அல்லது ரஹ்மான் என்று அழையுங்கள்’ என்ற 17:110 இன் அழுத்தம் எனக்கு இந்தப் பின்புலத்தில்தான் முழுமையாகப் பிடிபட்டது. இவ்விடத்தில் ஆய்வு வசனத்துக்கு எதிராக நிற்கவில்லை, தஃப்ஸீரின் ஒரு வரிக்கு நிலமும் ஆண்டும் தேடிக் கொடுத்திருக்கிறது.

இதே பெயரை அளவுகோலாக்கியதில்தான் எனக்குத் தயக்கம். நோல்டெக்கே 1860 இல் சூராக்களைக் கால வாரியாகப் பிரித்தபோது, இப்பெயர் அடர்ந்து வருவதை மக்காவின் இரண்டாம் காலகட்டத்தின் அடையாளங்களில் ஒன்றாகக் கொண்டார். மர்யம் சூராவில் இப்பெயர் 16 முறை வருவதால் அங்கே அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அர்-ரஹ்மான் என்ற பெயராலேயே தொடங்கும் 55 ஆம் சூராவை அவரே முதல் காலகட்டத்தில் வைத்திருக்கிறார்.